கரியாஹாட்டில் ஒரு வீடு



வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் இருவர் சந்திக்கும்போது, முதற் கேள்வி “எந்த ஊர்?” என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, சற்றுப் பழகிய பின் வருவது: “ஜாகை சொந்தமா, வாடகையா?” இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த இரண்டாவது கேள்விக்கு “வாடகைதான், எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள்தானே” என்று விடை சொல்லிவந்தோம். பின்பு ஒருநாள் அந்த விடை செல்லாமற் போயிற்று. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

நாங்கள் 1984ஆம் ஆண்டு கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இந்த நகரத்துக்கு வந்தோம். அப்போது இதற்குக் கல்கத்தா என்று பெயர். 2001இல்தான் கொல்கத்தா என்று ஆயிற்று. எங்களில் ஒருவருக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. மற்றவருக்குப் பின்னாளில் ஒரு பள்ளியில் ஆசிரியைப் பணி கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நாட்டின் முதல் நிலத்தடி ரெயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை ஓடத் தொடங்கியது. வந்த புதிதில் அதில் ஏறிப் போய்த் திரும்பியதைத்தான் ஊருக்கு எழுதிய முதற் கடிதத்தில் எழுதினோம். குடியிருக்க இடம் கிடைக்காமல் அலைந்ததை எழுதவில்லை.

கரியாஹாட் என்னும் பெயரிலுள்ள ‘ஹாட்’ என்பதற்குச் சந்தை என்று பொருள். பெயருக்கு இன்றும் பழுதில்லை. நாற்சந்தியில் நின்றால் நான்கு திக்கிலும் புடவைக் கடைகள், நடைபாதைக் கடைகள், மீன் அங்காடி, பூக்கடைகள். நடைபாதைக் கடைகளை 1996 நவம்பரில் ஒரே இரவில் அகற்றினார்கள். சிறிது காலத்தில் அவை மீண்டும் வந்து அமர்ந்துகொண்டன. மேலே மேம்பாலம் வந்துவிட்டது. அதன் நிழலில் சதுரங்கம் ஆடும் பெரியவர்களை இன்றும் காணலாம்.

ஆயினும் சந்தையை மட்டும் கண்டவர்கள் கரியாஹாட்டைக் கண்டவர்கள் அல்லர். இதைச் சுற்றி இரண்டு மைல் நடந்து பார்த்தால், பெரிய நகரத்தின் நடுவே ஒரு சிறிய பல்கலைக்கழக ஊர் ஒளிந்திருப்பது புலனாகும். வடக்கே பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி இருக்கிறது. அது வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் என்பவரின் சொந்த வீடும் மனையுமாக இருந்த இடம். தெற்கே டாக்குரியா பாலத்தைக் கடந்தால் 1955இல் பல்கலைக்கழகமான ஜாதவ்பூர். நடுவே கோல்பார்க்கில் இராமகிருஷ்ண மிஷன் கலாசாரக் கழகம். 1961இல் அது இங்குள்ள பெரிய கட்டடத்துக்கு வந்தது. அருகிலேயே பழைய புத்தகக் கடைகளின் வரிசை. நமது மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனபின், அந்தப் புழுதி வாசனையை இங்கேதான் மீண்டும் கண்டோம்.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857 ஜனவரியில் தோன்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம். எட்டு மாத இடைவெளியில் பிறந்த இந்த இரு பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் நிறைய உண்டு. திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன் 1907இல் இங்கே வந்தது கணக்குத் துறை அதிகாரியாகத்தான். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த நல்ல சம்பளத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அவர் அமர்ந்த பீடத்தின் பெயர் பாலித் பீடம். மேலே சொன்ன அதே பாலித்தின் கொடையால் அமைந்தது. 1921இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தத்துவப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். எங்களைப் போன்ற எழுத்தர்கள் இப்பெயர்களைச் சொல்லிக்கொள்வது சற்று அதிகப்படிதான். ஆனால் வீடு தேடிப் போன இடங்களில், “நீங்கள் மதராஸியா? இராமன் ஊர்க்காரரா?” என்று கேட்டு உட்காரவைத்து தேநீர் கொடுத்தவர்கள் உண்டு. வீடு கொடுக்கவில்லை, தேநீர் கொடுத்தார்கள்.

இன்னொன்று. மேற்கு நோக்கிச் செல்லும் ராஷ்பிஹாரி அவென்யூவை, புரட்சி வீரர் ராஷ்பிஹாரி போஸின் பெயரால் அமைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். நாங்களும் வெகு காலம் அப்படியே எண்ணியிருந்தோம். அது ராஷ்பிஹாரி கோஷ் என்ற வழக்கறிஞரின் பெயர். அவரும் பல்கலைக்கழகத்துக்கு வாரி வழங்கியவர். ஜாதவ்பூருக்கு வித்தான தேசியக் கல்விக் கழகத்துக்கும் முதல் தலைவர். வக்கீல்கள் சம்பாதித்ததை இவ்வாறு செலவிட்ட காலமும் ஒன்று இருந்திருக்கிறது.

இந்த அவென்யூவும், இதன் தென்புறத்து ஏரியும் அதனைச் சுற்றியுள்ள குடியிருப்பும் கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்டின் வேலை. 1920களில் சதுப்பு நிலத்தை எடுத்து, ஏரி வெட்டி, தாழ்ந்த இடங்களை மேடாக்கி, மனை பிரித்தார்கள். டாக்குரியா ஏரி என்று வழங்கிய அந்த நீர்நிலைக்கு 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டார்கள். அந்த மனைகளில் எழுந்த வீடுகளில்தான் தென்னாட்டிலிருந்து வந்த கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களும் ஆசிரியர்களும் குடக்கூலிக்கு அமர்ந்தார்கள். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாழையிலையும் கதம்பமும் கிடைத்தது அவர்களாலேதான். காப்பிக் கொட்டை வறுக்கும் மணத்தை வைத்தே தெருவைக் கண்டுபிடித்து உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லும் முதியவர்கள் இருந்தார்கள்.

எங்களுக்கு இடம் கிடைத்தது இந்துஸ்தான் பார்க்கை அடுத்த ஒரு சந்தில். மொழியறிஞர் சுனீதி குமார் சாட்டர்ஜி வாழ்ந்த வட்டாரம் அது. வங்காள மொழியின் தோற்றத்தைப் பற்றி 1926இல் அவர் வெளியிட்ட பெருநூலில், வங்காளத்து ஊர்ப்பெயர்கள் சிலவற்றில் திராவிடச் சாயல் உண்டென்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரியம்மாள் அதைப் படித்தவர் அல்லர். ஆனால் அவரைத் தெருவில் பார்த்தவர். அந்த அம்மாளை மாஷீமா என்று அழைப்போம். நம் வழக்கில் சித்தி, பெரியம்மா என்பது போல. அவர் எங்களில் இளையவளைப் பௌமா, அதாவது மருமகளே, என்றுதான் கடைசிவரை அழைத்தார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி இன்றும் எங்கள் வீட்டில் பழமொழிபோல் வழங்குகிறது: “மீன் சாப்பிடாமல் உங்களுக்கெல்லாம் கணக்கு எப்படி வருகிறது?”

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு மாடி. சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் கறுப்புக் கரை. நம் ஊர் வீடுகளில் காவி பூசி மெருகேற்றிய தரை எப்படிக் காலுக்குக் குளிர்ந்திருக்குமோ அப்படி. பச்சை வர்ணம் அடித்த மரச் சட்ட ஜன்னல்கள். அவற்றைக் ‘கொட்கொடி’ என்பார்கள். ஒரு குச்சியைத் தள்ளினால் சட்டங்கள் அனைத்தும் ஒன்றாகச் சாயும். வெயில் நிற்கும், காற்று வரும். வாசலில் ‘ரக்’ என்று ஒரு மேடை, நம் திண்ணையேதான். மாலையில் தெருப் பையன்கள் அதில் அமர்ந்து காற்பந்தும் அரசியலும் பேசுவார்கள். திண்ணையை இடித்துக் கடை போடும் வழக்கம் நம் ஊரில் வந்துவிட்டிருந்த காலத்தில், இங்கே திண்ணை உயிரோடு இருப்பதைக் கண்டு எங்கள் தகப்பனார் ஒரு முறை வந்திருந்தபோது வெகுநேரம் அதில் உட்கார்ந்திருந்தார். மொழி தெரியாது, ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

வாடகை குறைவு. குறைவாகவே இருந்தும்விட்டது. மேற்கு வங்காளத்தில் குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் இடத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இதனால் பழைய குடிகள் மிகச் சிறிய வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் பணமில்லாமற் போயிற்று. புதிதாக வருகிறவர்களிடம் ‘சலாமி’ என்று ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஏற்பட்டதும் இதனால்தான். இதில் யாரைக் குறை சொல்வது? குடியிருந்த எங்களுக்கு அச்சட்டம் குடையாக இருந்தது. அதே குடையின் கீழ் மாஷீமாவின் மேல்தளத்துக் கைப்பிடிச் சுவர் உதிர்ந்துகொண்டிருந்தது. நாங்களாகவே மூன்று முறை வாடகையை உயர்த்திக் கொடுத்தோம். அது போதாது என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியும்.

1997இல் ஒரு தவறு செய்தோம். நகரத்தின் கீழ்ப்புறத்துப் புறவழிச் சாலையை ஒட்டி ஓர் அடுக்குமாடி எழும்புவதாகச் சொல்லி முன்பணம் வாங்கினார்கள். சேமநிதியில் கடன் எடுத்துக் கட்டினோம். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். தூண்கள் எழும்பின, தூண்களோடு நின்றுவிட்டது. மனை அவர்கள் பெயரில் இல்லை என்பதும், உரிமையாளர்களில் ஒருவர் கையெழுத்தே போடவில்லை என்பதும் பின்னரே தெரிந்தன. பணத்தில் பாதி ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது, மறுபாதி வரவில்லை. நாங்கள் ஏமாந்தது, எல்லாம் தெரிந்தவர்கள் என்ற எண்ணத்தினால்தான். கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள், ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கவில்லை.

மாஷீமா 2009இல் காலமானார். வாரிசுகள் ஐவர், ஒருவர் டொராண்டோவில், இருவர் பெங்களூரில். வீட்டைப் பழுதுபார்த்து வைத்திருக்க எவராலும் இயலவில்லை. கல்கத்தாவில் இந்நிலைக்கு ஒரே வழியாகிவிட்டவர் ‘புரோமோட்டர்’. இந்தச் சொல்லை இங்கே மாவு அரைக்கும் கடைக்காரர் முதல் நீதிபதி வரை எல்லோரும் அறிவார்கள். அவர் பழைய வீட்டை இடித்து, ஐந்து தளம் எழுப்பி, உரிமையாளர்களுக்கு ஏறத்தாழப் பாதியைக் கொடுத்து, மீதியை விற்பார். குடியிருப்பவருக்குப் பணமோ, புதிய கட்டடத்தில் சிறு பங்கோ பேசி முடிப்பார். இவ்வாறு மறைந்துவரும் பழைய வீடுகளைக் காக்கவேண்டும் என்று நாவலாசிரியர் அமித் சௌதுரி முதலியோர் 2015இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். எங்கள் வீடு அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. இடிப்பதற்குச் சம்மதக் கையெழுத்திட்டவர்களில் நாங்களும் உண்டு. இதை மறைப்பதில் பயனில்லை.

பேச்சு இப்படி முடிந்தது. அறுநூற்று நாற்பது சதுர அடி வீடு. அதில் முந்நூறு சதுர அடி குடியிருப்பு உரிமைக்கு ஈடாக. மீதி முந்நூற்று நாற்பதுக்கு, சதுர அடிக்கு ஏழாயிரம் ரூபாய் வீதம், இருபத்துமூன்று லட்சத்து எண்பதாயிரம். கையில் அதில் பாதியும் இல்லை. ஊரில் பூர்விக வீட்டில் எங்களுக்கு ஒரு பங்கு இருந்தது. மூத்தவர் அதில் குடியிருந்தார். அந்தப் பங்கை அவருக்கே விட்டுக் கிரயம் வாங்கிக்கொள்வதாகக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. நேரில் போனோம்.

அண்ணா முதலில் ஒன்றும் பேசவில்லை. மன்னிதான் சாப்பாடு போட்டாள். கைகழுவி வந்தபின் அவர், “பங்கு கொடுத்துவிடுகிறேன். ஆனால் இனிமேல் நீங்கள் வந்தால் வந்தவர்கள் மாதிரி ஆகிவிடும், பரவாயில்லையா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். காது கேளாது என்றுதான் எண்ணியிருந்தோம். “அங்கே வீட்டுக்குக் கிணறு உண்டா?” என்று கேட்டாள். இல்லை என்றோம். “அப்புறம் என்ன வீடு?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று இரவு இருவரும் உறங்கவில்லை. ஓய்வு பெற்றபின் வந்து இருக்கலாம் என்று இருபத்தெட்டு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்த அந்தக் கூடத்தில் எங்கள் பங்கு, கணக்குப் பார்த்தால், இரண்டு தூணுக்கு இடைப்பட்ட இடம்தான். பிள்ளை படித்ததும் பேசியதும் வங்காளத்தில். எங்களுக்குத் தெரிந்த வைத்தியரும் பால்காரரும் தையற்காரரும் கரியாஹாட்டில். கையெழுத்திட்டோம்.

இந்த முறை விழிப்பாக இருந்தோம். வாங்க எண்ணும் நேயர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறோம். முதலில் நில அளவு குழப்பும். நாம் கிரவுண்டு என்போம், இரண்டாயிரத்து நானூறு சதுர அடி. இங்கே காட்டா, எழுநூற்று இருபது சதுர அடி. அதில் பதினாறில் ஒன்று சட்டாக், நாற்பத்தைந்து சதுர அடி. நம் ஒரு கிரவுண்டு மூன்று காட்டா ஐந்து சட்டாக்குச் சொச்சம். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டார்களா என்பதே உயிர்நாடி. டொராண்டோக்காரரின் அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் அத்தாட்சி பெற்று வரும்வரை எங்கள் வக்கீல் ஒரு ரூபாயும் கொடுக்க விடவில்லை. மாநகராட்சி ஒப்புதல் தந்த வரைபடத்தில் எத்தனை தளம், எழும்பியது எத்தனை தளம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டி முடித்த சான்றிதழை வாங்காமல் குடியேறக் கூடாது. பத்திரத்தில், வீட்டோடு மனையிலும் பிரிபடாத பங்கு எழுதப்பட்டிருக்கவேண்டும். பதிவு முடிந்ததும் மாநகராட்சி ஏட்டில் பெயர் மாற்றம். இதைப் பலர் பத்து ஆண்டு தள்ளிப்போட்டு, விற்கும்போது திண்டாடுகிறார்கள்.

அறுநூற்று நாற்பது என்பது படிக்கட்டையும் நடையையும் சேர்த்த கணக்கு. உள்ளே பாய் விரிக்கக் கிடைத்தது நானூற்று எண்பது. எங்கள் பழைய கூடத்தில் மூவர் நின்று ஊஞ்சல் ஆட்டலாம். இதில் ஊஞ்சல் மாட்ட இடமில்லை.

எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு ஒரு துணை உண்டு. 2016ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின்படி கட்டடத் திட்டங்களைப் பதிவு செய்யவேண்டும். மேற்கு வங்காளம் 2017இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. அதனை உச்சநீதிமன்றம் 2021 மே 4ஆம் நாள் செல்லாது என்றது. இப்போது மத்திய சட்டமே நடைமுறையில் இருக்கிறது. சிறிய மனையில் எழும் சிறிய கட்டடங்கள் எல்லாமே இதற்குள் வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர்ப் பழக்கத்தில் நமக்குத் தரைத்தளத்தின்மேல் ஆசை: வாசலில் கோலம், பின்னால் துளசி. சதுப்பை மேடாக்கி அமைத்த ஊர் இது என்பதை மறக்கலாகாது. 2025 செப்டம்பர் 23ஆம் நாள் விடியுமுன் பெய்த மழை, ஒரு நாள் கணக்கில் இருபத்தைந்து சென்டிமீட்டர். பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. புடவைக் கடைகளில் தண்ணீர். தரைத்தளத்து வீடுகளில் கட்டில்மேல் கட்டில். மூன்றாம் தளத்திலிருந்த எங்கள் வீட்டில் அன்று கீழ் வீட்டார் நால்வரும் அவர்களுடைய தைத்த மெத்தைகளும் மூன்று நாள் இருந்தார்கள். மீன் சமைப்பவர்கள் அவர்கள். மூன்று நாளும் எங்கள் சாம்பாரையே சாப்பிட்டார்கள். நான்காம் நாள் தண்ணீர் வடிந்ததும் அவர்கள் வீட்டிலிருந்து முதலில் வந்தது கடுகு தாளித்த மீன் மணம். நியாயம்தான்.

2015இல் குடிபுகுந்தோம். இடிக்கும்போது புரோமோட்டரிடம் கேட்டு ஒரு கொட்கொடி ஜன்னலை எடுத்துவைத்திருந்தோம். புதிய சுவரில் அதற்கு அளவு பொருந்தவில்லை. படுக்கை அறையில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறோம். அதில் துணி உலர்கிறது. திண்ணை இல்லை, அந்த இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. பையன்கள் எதிர்வீட்டுச் சுவரோரம் போய்விட்டார்கள்.

பெயர் மாற்றம் முடிந்து வந்த முதல் வரிச் சீட்டில் எங்கள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தக் கோரி மூன்று முறை நடந்தோம். மூன்றாம் முறை அங்கிருந்த குமாஸ்தா பெயரை உரக்கப் படித்துப் பார்த்து, “இது எந்த ஊர்ப் பெயர்?” என்று கேட்டார். எங்களில் ஒருவர் கும்பகோணம் என்றோம்; அதே நேரத்தில் மற்றவர் கரியாஹாட் என்றோம். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரியான எழுத்தைத் தாளில் எழுதித் தரும்படி பேனாவை நீட்டினார்.